நல்ல மரணத்துக்கு ஆயத்தம்: எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான்: "எனக்கு 69 வயது. என் கணவர் போன வருடம் தூக்கத்திலேயே போய்விட்டார். குருவானவரைக் கூப்பிடக்கூட நேரமில்லை. தினமும் படுக்குமுன் மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லாமல் தூங்காத மனிதர். அன்றிலிருந்து எனக்குச் சாவைப் பற்றிய பயம் பிடித்துக்கொண்டது. பெரிய வியாதி ஒன்றும் இல்லை. ஆனால் பாவசங்கீர்த்தனம் செய்து 15 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆன்மாவை எப்படி ஆயத்தப்படுத்துவது? மோட்சம் கிடைக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது."

அம்மா, முதலில் பயத்தைப் பற்றிச் சொல்கிறேன். சாவுக்குப் பயப்படுவது பாவமில்லை. விசுவாசம் இல்லாததற்கு அடையாளமும் இல்லை. கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே திகிலும் மனக்கலக்கமும் அடைந்தார் என்று மாற்கு மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று அவர் கெஞ்சினார். அப்புறம் அந்தப் பயத்தோடேயே தம்மைத் தந்தையின் விருப்பத்துக்குக் கொடுத்தார். மறுநாள் சிலுவையில் கடைசியாக அவர் சொன்னதும் அதுதான் என்கிறார் லூக்கா: "தந்தையே, உம் கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன்."

நான் குருவானவர் இல்லை. பல வருடங்களாக நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறவன், மறைக்கல்வி நடத்துகிறவன். படுக்கையில் கிடக்கிற நிறையப் பேரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல மரணத்துக்கு ஆயத்தம் என்று திருச்சபை சொல்லித்தருகிற எல்லாமே இந்த ஒப்படைத்தலுக்குள் அடங்கும் என்பதுதான் நான் அங்கே கற்றது. பாவத்தை ஒப்படைப்பது, உடம்பை ஒப்படைப்பது, சேர்த்துவைத்ததை ஒப்படைப்பது, நேசித்தவர்களை ஒப்படைப்பது. கடைசி மூச்சில் இதை முதல்முறையாகச் செய்ய முயல்கிறவர்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள். உங்களுக்கு நேரம் இருக்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது. இது பெரிய வரம்.

சரி, எங்கே தொடங்குவது? பாவசங்கீர்த்தனத்தில். வேறு எதையும் இதற்கு முன்னால் வைக்காதீர்கள். புதிய நவநாள், புதிய பக்தி முயற்சி, திருயாத்திரை எல்லாம் பிறகு. 15 வருடம் என்பது குருவானவர்களுக்கு ஒன்றும் அதிர்ச்சி தருகிற கணக்கில்லை. 40, 50 வருடம் கழித்து வருகிறவர்களும் உண்டு. உள்ளே போனவுடன் "சாமி, இத்தனை வருடமாகிவிட்டது, எப்படிச் செய்வதென்றே மறந்துபோய்விட்டது, உதவி செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் சொன்னது அவரோடேயே புதைந்துவிடும். பாவசங்கீர்த்தன இரகசியத்தை எந்தக் காரணத்துக்காகவும் உடைக்க அவருக்கு அனுமதி கிடையாது.

சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் படித்த ஐந்து காரியங்கள் ஞாபகம் இருக்கும்: ஆராய்ந்து பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்யமாட்டேன் என்று பிரதிக்கினை செய்வது, குருவிடம் வெளிப்படுத்துவது, அபராதம் தீர்ப்பது. ஆராய்ந்து பார்ப்பதற்குப் பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் உட்காருங்கள். கனமான பாவங்களை நினைவுக்கு வந்தவரை, என்ன வகை, ஏறக்குறைய எத்தனை முறை என்று சொன்னால் போதும். நேர்மையாகத் தேடியும் மறந்துபோனதும் மன்னிக்கப்படுகிறது. பின்னால் கனமானது ஏதாவது ஞாபகம் வந்தால் அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம், கலங்கத் தேவையில்லை. முன்பு ஒருமுறை சரியாகச் சொல்லி மன்னிப்புப் பெற்ற பாவம் மனதைக் குடைந்துகொண்டே இருந்தால், அது போய்விட்டது அம்மா. வயதானவர்கள் பலர் இளமையில் செய்த ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தங்களையே வதைத்துக்கொள்வதைப் பார்த்து மனம் வலித்திருக்கிறது. கடவுள் மன்னித்ததை நாம் தோண்டி எடுக்கக் கூடாது.

இதன் பிறகு மாதம் ஒருமுறை என்று பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தேவ இஷ்டப்பிரசாத அந்தஸ்தில் இருப்பது, அதாவது கனமான பாவமின்றிக் கடவுளோடு நட்பில் இருப்பது, அதுதான் ஆயத்தத்தின் உயிர்நாடி. இன்றிரவு அழைப்பு வந்தாலும் போகலாம் என்ற நிலை. மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

பாவசங்கீர்த்தனத்தோடு சேர்ந்து இன்னொன்று செய்ய வேண்டியிருக்கும். யாரிடமாவது பேசாமல் இருக்கிறீர்களா? திருப்பிக் கொடுக்காத கடன், பிறருக்குச் சேரவேண்டிய சொத்து, தீராத பாகப் பிரச்சினை ஏதாவது உண்டா? பாவத்துக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டாலும் செய்த அநியாயத்தைச் சரிசெய்யும் கடமை நிற்கிறது. எதிராளி பேச மறுத்தால் அது அவர் பொறுப்பு. உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை போயிருக்கட்டும். சொத்து பற்றிய எழுத்து வேலைகளையும் தெளிவாக முடித்துவையுங்கள். பிள்ளைகள் சமாதானமாக இருக்க வழிசெய்வதும் ஆன்மிகக் காரியம்தான்.

அடுத்தது நோயில் பூசுதல். நம் வீடுகளில் இன்னும் 'அவஸ்தைபூசுதல்' என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயரே ஆளைப் பயமுறுத்திவிடுகிறது. குருவானவர் எண்ணெயோடு வந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம் என நினைக்கிறார்கள். இந்த விஷயத்தில் என் சொந்தக் குறையைச் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் மூன்று வாரம் படுத்திருந்தார், முழு நினைவோடு. குருவானவரைக் கூப்பிட்டால் அப்பா பயந்துவிடுவார் என்று நாங்கள் தள்ளிப்போட்டோம். கடைசி நாள் ராத்திரி நினைவு தப்பியபின் ஓடினோம். குருவானவர் வந்தார், பூசினார், செபித்தார். ஆனால் அப்பாவால் பாவசங்கீர்த்தனம் செய்யவும் முடியவில்லை, நற்கருணை விழுங்கவும் முடியவில்லை. எங்கள் பயத்தை அவர் பயம் என்று சொல்லி, அவருக்குச் சேரவேண்டியதைக் கிடைக்காமல் செய்துவிட்டோம். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் பணிக்கு நான் பெயர் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டிலேயே, இந்த அருட்சாதனம் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நோயாலோ முதுமையாலோ உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே அதைப் பெறத் தகுந்த நேரம் வந்துவிட்டது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் அதன் சடங்கைப் புதுப்பித்தார். நெற்றியிலும் கைகளிலும் பூசுகிறார்கள். நோய் தேறி மறுபடி விழுந்தாலும், அதே நோய் முற்றினாலும் மறுபடி பெறலாம். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் பெறலாம். வயது ஏறி உடம்பு நன்றாகத் தளர்ந்துவிட்டால், தனியாக வியாதி இல்லாமலேயே பெறலாம். யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள்: நோயுற்றவர் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி வேண்டட்டும் என்று இருக்கிறது. அழைப்பது நோயாளி! அவர் பேசுகிற நிலையில் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்.

நினைவில்லாதவருக்கும் பூசலாம். நினைவோடிருந்தால் கேட்டிருப்பார் என்று கருத இடமிருந்தால் போதும். உயிர் இருக்கிறதா என்பது சந்தேகமாக இருந்தாலும் குருவானவர் பூசலாம். அதனால் தாமதமாகிவிட்டது என்று கூப்பிடாமல் இருக்கவும் கூடாது. மரண ஆபத்தில் இருப்பவருக்குப் பாவமன்னிப்பு அளிக்க எந்தக் குருவுக்கும் திருச்சபைச் சட்டம் அதிகாரம் தருகிறது. பங்குக் குரு ஊரில் இல்லை என்பது காரணமாகாது.

ஆனால் சாவுக்கென்று உரிய அருட்சாதனம் பூசுதல் இல்லை, நற்கருணை. இது பலருக்குத் தெரியாது. கடைசிப் பயணத்துக்கான கட்டுச்சோறாகத் தரப்படும் அந்த நற்கருணையை 'வழியுணவு' என்கிறோம். 325இல் கூடிய நீசேயா சங்கமே, சாகும் நிலையில் உள்ள யாருக்கும் இது மறுக்கப்படக் கூடாது என்பதைப் பழைய சட்டம் என்று குறிப்பிடுகிறது. அதாவது 1,700 வருடத்துக்கு முன்பே அது பழைய வழக்கம். மரண ஆபத்தில் இருப்பவர் அன்று காலையில் ஏற்கெனவே நற்கருணை வாங்கியிருந்தாலும் மறுபடி வாங்கலாம். நற்கருணைக்கு முன் உண்ணாமல் இருக்கும் உபவாச விதியும் நோயாளிகளுக்கு இல்லை. குரு கிடைக்காவிட்டால் நற்கருணைப் பணியாளர் கொண்டுவரலாம். அப்போது ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிப்பதும் உண்டு. ஒருமுறை ஒரு வயதான அம்மா, சத்தம் வராமல், ஒவ்வொரு கேள்விக்கும் "விசுவசிக்கிறேன்" என்று உதட்டை மட்டும் அசைத்தார். கைக்குழந்தையாக இருந்தபோது ஞானப்பெற்றோர் அவருக்காகச் சொன்ன பதிலைக் கடைசியில் அவரே சொல்லி முடித்தார்.

இனி மனதுக்குள் நடக்கப்போகும் போராட்டம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஒரு சிறு கைநூல் பரவியது. லத்தீனில் 'ஆர்ஸ் மோரியெண்டி', அதாவது நன்றாகச் சாகும் கலை. கொள்ளைநோய் மக்களை வாரிக்கொண்டுபோன காலத்துக்குப் பின் வந்தது. சாகிறவர் பக்கத்தில் எப்போதும் குருவானவர் இருக்கமாட்டார், எனவே வீட்டாரும் நண்பர்களும் உதவத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதன் சுருக்கப் பதிப்பில் 11 மரச்செதுக்குப் படங்கள். ஐந்து சோதனைகளுக்கு ஐந்து படம், அவற்றை வெல்லும் அருளுக்கு ஐந்து, கடைசியாக அமைதியான மரணம். படிக்கத் தெரியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். அந்த ஐந்து சோதனைகளும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன.

முதலாவது விசுவாசத்துக்கு எதிரானது: அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லையோ என்ற எண்ணம். இது உங்களுக்கு வந்தால் மிரண்டுவிடாதீர்கள். குழந்தை இயேசுவின் தெரேசாவுக்கு 1896 உயிர்ப்புக் காலத்திலிருந்து, 1897 செப்டம்பர் 30 அன்று 24 வயதில் காசநோயால் இறக்கும்வரை, மோட்சத்தைப் பற்றிய நினைப்பே இருளாகத்தான் இருந்தது. சிறுவயதிலிருந்து மோட்சத்துக்காக ஏங்கியவர் அவர். அந்த இருளில் விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். உணர்வு வற்றிப்போனாலும் 'விசுவசிக்கிறேன்' என்று சொல்ல முடியும். சொல்வதே விசுவாசம்.

இரண்டாவது அவநம்பிக்கை. அந்தப் படத்தில் பசாசுகள் சாகிறவர் முன்னால் அவருடைய பாவப் பட்டியலை நீட்டுகின்றன. கவனியுங்கள், பட்டியலில் இருப்பது பொய் இல்லை. அவர் செய்ததுதான். அதற்குப் பதிலாக வரும் படத்தில் அவருடைய நல்ல செயல்களின் பட்டியல் இருக்கும் என்று நினைப்போம். இல்லை. கட்டிலைச் சுற்றி நான்கு பேர் வருகிறார்கள்: சேவலோடு பேதுரு, மகதலா மரியா, சிலுவையில் நல்ல கள்வன், குதிரையிலிருந்து விழுந்த சவுல். மறுதலித்தவர், பாவி என்று பெயரெடுத்தவர், கொள்ளையடித்தவர், திருச்சபையைத் துன்புறுத்தியவர். இவர்களுக்கு இடம் கிடைத்ததென்றால் உனக்கும் உண்டு என்று சொல்ல வந்திருக்கிறார்கள். நான் போகிற வீடுகளில் அதிகமாகப் பார்ப்பது இந்தச் சோதனையைத்தான். நல்லவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. அப்போது நல்ல கள்வனின் கதையை லூக்கா 23இல் இருந்து மெதுவாக வாசித்துக் காட்டுவேன். "நீர் இன்று என்னோடு பேரின்ப வீட்டில் இருப்பீர்" என்ற இடத்தில் அழாதவர்கள் குறைவு.

மூன்றாவது பொறுமையின்மை. வலியில் வீட்டாரைத் திட்டுவது, கடவுளை நோவது. வலி பெரிது என்றால் முனகுவது இயல்பு, அதைக் குற்றமாக்க வேண்டாம். வலிநிவாரணி எடுத்துக்கொள்வது தவறு என்று சிலர் நினைக்கிறார்கள். தவறில்லை. வலி தாங்குவது புண்ணியம் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அளவுக்கு மீறிய சுமையாகிவிட்ட, பயனில்லாத சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு என்பதைத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1957இலேயே மருத்துவர்களிடம் விளக்கினார். உயிரைப் போக்குவதற்கென்றே ஒன்றைச் செய்வதைத்தான் திருச்சபை எந்த நிலையிலும் ஏற்பதில்லை. வலியைக் கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்த்து யாருக்காவது ஒப்புக்கொடுக்கலாம். உங்கள் பேரப்பிள்ளைகளில் ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்புக்கொடுத்தால் அந்த வலிக்கு ஒரு முகம் வந்துவிடும்.

நான்காவது ஆன்மிகப் பெருமை, 'நான் எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன்' என்ற நினைப்பு. உங்கள் கடிதத்தில் அதன் நிழல்கூட இல்லை, விட்டுவிடுகிறேன்.

ஐந்தாவது பற்று. அந்தப் படத்தில் பசாசுகள் வீட்டைக் காட்டுகின்றன, திராட்சை மது அறையைக் காட்டுகின்றன, லாயத்துக்குக் கொண்டுபோகப்படும் குதிரையைக் காட்டுகின்றன. கட்டிலைச் சுற்றிக் குடும்பத்தாரும் நிற்கிறார்கள். இதையெல்லாம் விட்டா போகப்போகிறாய்? இதில் கொடியது, பற்று அன்பின் வேஷத்தில் வருவது. 'நான் இல்லாவிட்டால் இவர்கள் என்ன ஆவார்கள்' என்று தோன்றும். இதற்கு இப்போதே பழகலாம். பிடித்த பொருள்களை உயிரோடிருக்கும்போதே உங்கள் கையால் கொடுங்கள். பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஒவ்வொரு நாளும் தேவமாதாவின் கையில் விடுங்கள். திரும்ப எடுத்துக்கொள்வீர்கள், அதனால்தான் ஒவ்வொரு நாளும்.

மோட்சம் கிடைக்கும் என்று எப்படித் தெரியும் என்றீர்கள். கணக்குப் போட்டு உறுதியாகத் தெரிந்துகொள்ள முடியாது. கடவுள் தனியாக வெளிப்படுத்தினாலொழிய யாருக்கும் அந்த முழு நிச்சயம் இல்லை என்று திரிதெந்து சங்கம் சொல்லியிருக்கிறது. கிடைத்தே தீரும் என்று மிதப்பாக இருப்பதும், கிடைக்கவே கிடைக்காது என்று இடிந்துபோவதும் இரண்டுமே நம்பிக்கை என்ற புண்ணியத்துக்கு எதிரானவை. பிரான்சுக்காகப் போரிட்டுப் பிடிபட்ட புனித ஜோன் ஆஃப் ஆர்க்கை 1431இல் விசாரித்தவர்கள் சிக்கவைக்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார்கள்: நீ கடவுளின் அருளில் இருக்கிறாயா? ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் குற்ற ஒப்புதல். அந்த 19 வயதுப் பெண் சொன்ன பதில்: "இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக. இருக்கிறேன் என்றால் அதிலேயே காப்பாராக." இதையே உங்கள் செபமாக வைத்துக்கொள்ளுங்கள். இறுதிவரை நிலைத்திருக்கும் அருள் கேட்டுப் பெறவேண்டியது. ஜெபமாலையில் அதை நாம் 53 முறை கேட்கிறோம், "எங்கள் மரண நேரத்திலும்" என்று. கேட்கிறோம் என்று தெரிந்து கேட்டால் இன்னும் நல்லது.

மோட்சம் என்றால் என்ன என்பதையும் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஆயத்தம் எப்படி? 1330களில் திருத்தந்தை 22ஆம் யோவான் தம் மறையுரைகளில், நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளை முகமுகமாகக் காண்பது உலக முடிவில் வரும் பொதுத் தீர்வைக்குப் பிறகுதான் என்று தம் சொந்தக் கருத்தாகச் சொன்னார். இறையியலாளர்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு. 1334இல் மரணப் படுக்கையில் அந்தக் கருத்தை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். அவருக்குப் பின் வந்த 12ஆம் பெனடிக்ட் 1336இல் தீர்மானமாக அறிவித்தார்: தூய்மையடைந்த ஆன்மாக்கள் உயிர்ப்புக்கும் பொதுத் தீர்வைக்கும் முன்பே கடவுளை நேருக்கு நேர், இடையில் எதுவுமில்லாமல் காண்கின்றன. ஒரு திருத்தந்தை தம் மரண நேரத்தில் தம் எண்ணத்தையும் ஒப்படைத்துவிட்டுப் போனார் என்பதே எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

ஆக, மோட்சம் என்பது ஒருவரைக் காண்பது. அறிமுகமே இல்லாதவர் வீட்டுக்குப் போவதென்றால் பயமாக இருக்கும். தினமும் பேசிப் பழகியவர் வீட்டுக்குப் போவதென்றால் அந்தப் பயத்தினூடே ஒரு ஆவலும் இருக்கும். நற்செய்தியில் தினமும் ஒரு பகுதி வாசியுங்கள். நற்கருணைப் பேழை முன் வாரம் ஒருமுறையாவது பேசாமல் உட்காருங்கள். அங்கே அறிமுகமாகிறவரைத்தான் காணப்போகிறீர்கள்.

இப்போது உங்கள் கணவரைப் பற்றி. அவர் எங்கே இருக்கிறார் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் சிலவற்றை உறுதியாகச் சொல்லலாம். கடவுளை அனைத்துக்கும் மேலாக நேசித்து வருந்தும் உத்தம மனஸ்தாபம், முடிந்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியோடு இருந்தால், குருவானவர் இல்லாத நேரத்திலும் சாவான பாவத்துக்கு மன்னிப்பைப் பெற்றுத்தரும் என்பது திருச்சபையின் போதனை. அதற்கு ஒரு கணம் போதும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. மரண வேளையில் குருவானவர் வர முடியாமல் போனாலும், தகுந்த மனநிலையில் இருக்கும் விசுவாசிக்கு, வாழ்நாளில் ஏதாவது செபம் சொல்லும் வழக்கம் இருந்திருந்தால், திருச்சபை பரிபூரண பலனை, அதாவது மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கு இன்னும் தீராத தண்டனை முழுவதையும் நீக்கும் சலுகையை, அளிக்கிறது. வழக்கமான நிபந்தனைகளின் இடத்தை அந்தச் செப வழக்கமே நிரப்புகிறது. படுக்குமுன் மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லாமல் அவர் தூங்கமாட்டார் என்று எழுதியிருந்தீர்களே. அன்று ராத்திரியும் சொல்லிவிட்டுத்தானே படுத்திருப்பார்.

மோட்சத்துக்கு முன் ஆன்மா தூய்மையடையும் நிலையான உத்தரிக்கும் ஸ்தலத்தில் அவர் இருந்தாலும், அது நரகத்தின் சின்ன வடிவம் என்று எண்ணாதீர்கள். அங்கே இருக்கிற ஒவ்வொருவரும் மோட்சத்துக்கு உறுதியானவர்கள். எரிக்கிற நெருப்பு கிறிஸ்துவே, அவருடைய பார்வையே நம்மைச் சுட்டுக் குணமாக்குகிறது என்று இன்றைய இறையியலாளர்கள் சிலர் கருதுவதைத் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2007இல் எழுதிய சுற்றுமடலில் எடுத்துச் சொல்கிறார். நம் செபமும் பூசையும் அங்கே எட்டும். புனித மோனிக்கா 387இல், சொந்த நாட்டுக்குத் திரும்பும் வழியில், ஓஸ்தியாவில் சாகக் கிடந்தார். தம் உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், எங்கே இருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினையுங்கள், அதுதான் நான் கேட்பது என்றார். அதை எழுதி வைத்தவர் அவர் மகன் அகுஸ்தீன்.

ராத்திரியில் தூக்கம் வராதபோது செய்வதற்கும் ஒன்று உண்டு. திருச்சபையின் இரவுச் செபத்தில் இரண்டு வரிகள் நாள்தோறும் வரும். ஒன்று, "உம் கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன்" என்ற திருப்பாடல் 31இன் வரி, இயேசு சிலுவையில் சொன்ன அதே வரி. மற்றது, குழந்தையைக் கையில் ஏந்திய முதியவர் சிமியோன், ஆண்டவரே, அடியேனை இப்போது அமைதியோடு போகவிடுகிறீர் என்று சொன்னது. முடிவில் கேட்பது அமைதியான இரவையும் நல்ல முடிவையும். துறவிகள் நூற்றாண்டுகளாகத் தூக்கத்தையே சாவுக்கு ஒத்திகையாக்கியிருக்கிறார்கள். விளக்கை அணைத்தபின் அன்றைய நாளை ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள், மனஸ்தாப மந்திரம் சொல்லுங்கள், கையைத் திறந்து வைத்து அந்தத் திருப்பாடல் வரியைச் சொல்லுங்கள். இயேசு, மரி, சூசை என்ற பெயர்களோடு தூங்குங்கள். இயேசுவும் மரியும் அருகில் இருக்க இறந்தவர் என்று மரபு சொல்வதால்தான் சூசையப்பரை நன்மரணத்தின் பாதுகாவலர் என்கிறோம்.

ஒரு தாளில் இதையும் எழுதி, பிள்ளைகளிடம் கொடுத்து, ஒரு பிரதியைப் படுக்கையருகே வைத்துவிடுங்கள்: எனக்கு உடம்பு மோசமானால், நான் பேசும் நிலையில் இருக்கும்போதே குருவானவரைக் கூப்பிடுங்கள், நான் பயப்படமாட்டேன். உண்மை நிலையை என்னிடம் மறைக்காதீர்கள். கடைசி நேரத்தில் என் கையில் பாடுபட்ட சுரூபத்தைக் கொடுத்து, பக்கத்தில் இருந்து செபியுங்கள். கேட்கும் புலன் கடைசிவரை இருக்கக்கூடும் என்பதால், நான் பதில் பேசாவிட்டாலும் சத்தமாகச் செபியுங்கள்.

அவருடைய வருட நினைவுப் பூசை இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன். அதற்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள். பூசையில் நற்கருணை வாங்கிக்கொண்டு, கோவிலிலேயே உட்கார்ந்து ஒரு ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்லுங்கள். திருத்தந்தையின் கருத்துக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறைந்த மந்திரமும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பாவத்தின்மீதும் பற்று வைக்காமல் இதைச் செய்தால் பரிபூரண பலன் உண்டு, அதை இறந்தவருக்காக ஒப்புக்கொடுக்கலாம். வீட்டில் தனியாகச் சொன்னால் அந்தப் பலன் இல்லை. கோவிலில் சொல்லவேண்டும், அல்லது குடும்பமாகச் சேர்ந்து சொல்லவேண்டும். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள்.